மை கசியும் போட்டோ பிரிண்டர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவும் வீட்டில் புகைப்படம் அச்சிடப் பயன்படும் இன்க்ஜெட் பிரிண்டரிலிருந்து மை கசிவதைப் பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சிக்கலைப் பேசும் கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு வாரத்துக்கு முன் கறுப்பு கார்ட்ரிட்ஜை மாற்றினேன். அன்றிலிருந்து புகைப்படங்களின் மேல் பட்டாணி அளவுக்கு மைத்துளிகள் விழுகின்றன. மூடியைத் திறந்தால், அச்சிடாதபோது கார்ட்ரிட்ஜ்கள் ஒதுங்கி நிற்கும் மூலையில் மை தேங்கியிருக்கிறது. ஹெட் கிளீனிங்கை ஆறு முறை ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகிறது. பிரிண்டரையே மாற்ற வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஹெட் கிளீனிங்கை இத்துடன் நிறுத்திவிடுங்கள். அது, ஹெட் எனப்படும் மை தெளிக்கும் பகுதியின் நுண்துளைகளில் (நாசில்களில்) ஏற்படும் அடைப்பை நீக்குவதற்கான ஏற்பாடு. ஒதுங்கும் மூலையில் உள்ள ரப்பர்க் கிண்ணம் ஹெட்டின் அடிப்புறத்தைக் கவ்விக்கொள்ள, அதற்குக் கீழே இருக்கும் சிறிய பம்ப் நாசில்கள் வழியாக மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொண்டுபோய் விடும். தானாகவே கசிந்துகொண்டிருக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து மேலும் மையை இழுத்தால், ஏற்கெனவே நிரம்பிய கிண்ணம் விளிம்பைத் தாண்டி வழியத்தான் செய்யும். கசிவென்று எழுதிய வாசகர்களில் அநேகமாக எல்லோரும் முதலில் அழுத்தியிருப்பது இந்தப் பொத்தானைத்தான்.

கார்ட்ரிட்ஜின் அடியில் திறந்த துளைகள் இருந்தும் மை ஏன் சொட்டுவதில்லை என்பது தெரிந்துவிட்டால் உங்கள் சிக்கல் பாதி விளங்கிவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பஞ்சோ, சுருள்வில் பொருத்திய பையோ மையை எப்போதும் லேசாகத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த வேறுபாடு, சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தின் அளவுதான் என்றாலும், தலைமுடியைவிட மெல்லிய நாசில் துளைகளின் வாயில் மையை உள்நோக்கிக் குழிந்தபடி நிறுத்திவைக்க அதுவே போதும். ஹெட் தூண்டும்போது மட்டும் துளி வெளியேறும். ஒரு விரிசல் வழியாகவோ, சரியாக உட்காராத ரப்பர் வளையத்தின் வழியாகவோ காற்று உள்ளே புகுந்துவிட்டால் இந்தப் பிடி தளர்ந்து, மை தன் எடையாலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே மை எங்கிருந்து வெளியே வருகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், காற்று எங்கே உள்ளே போகிறது என்று தேட வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும் நிலைக்கு ஹெட்டை நடுவே கொண்டுவந்து, பிறகு மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிதாகப் போட்ட கறுப்பு கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். நாசில்கள் கார்ட்ரிட்ஜிலேயே அமைந்த வகையாக இருந்தால், அடிப்புறத்தை நாரில்லாத துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அது பிரிண்டரில் எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில், எதன் மேலும் படாமல், ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். நல்ல கார்ட்ரிட்ஜாக இருந்தால் அடிப்பரப்பு ஈரப்பளபளப்புடன் அப்படியே இருக்கும். பிடி தளர்ந்ததாக இருந்தால் ஓரத்தில் முதலில் ஒரு கறுப்பு மணி திரளும், அது மெல்லப் பருக்கும், பிறகு விழும். ஒரு மணி திரண்டாலே போதும். அந்தக் கார்ட்ரிட்ஜ் பழுதானது, திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். டிஷ்யூத் தாளின் மேல் நிற்க வைத்துச் சோதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது தவறான முடிவைத் தரும். தாள் மையை உறிஞ்சுவதால் நல்ல கார்ட்ரிட்ஜிலிருந்தும் மை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக இருந்து, மைப்பெட்டி மட்டும் மாற்றப்படும் வகையாக இருந்தால், பெட்டி வந்து அமரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மை நுழையும் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் அல்லது அடைப்பு இருக்கும். காய்ந்த மைப்பொருக்கோ, கிழிந்த நாடாவின் துணுக்கோ அதன் மேல் ஒட்டியிருந்தால், பெட்டி ‘டக்’ என்ற ஒலியுடன் உட்கார்ந்ததுபோல் தோன்றினாலும் ஒரு பக்கம் மயிரிழை தூக்கியே நிற்கும். பக்கத்து நிறங்களின் பெட்டிகளோடு உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் இது கண்ணிலேயே தெரிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வளையத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் பொருத்துங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது முதலில் மேலே உள்ள காற்றுத் துளையின் நாடாவை முழுவதுமாக உரித்துவிட்டு, அதன் பிறகே அடிமூடியைத் திருக வேண்டும். வரிசை மாறினாலோ, பக்கங்களை விரலால் அழுத்தினாலோ மை பீறிடும்.

நீங்கள் போட்டது மறுநிரப்பு செய்த கார்ட்ரிட்ஜா என்று எழுதவில்லை. அப்படியென்றால் இன்னொரு காரணத்தையும் கருத வேண்டும். பாதி பஞ்சும் பாதி வெறும் அறையுமாக உள்ள பெட்டிகளில், வெறும் அறையின் காற்று வெப்பத்தால் விரியும்போது தள்ளப்படும் மையைப் பஞ்சு ஏந்திக்கொள்ளும். அதற்காகவே பஞ்சின் மேற்பகுதி சற்று உலர்ந்தபடி விடப்பட்டிருக்கும். ஊசியால் நிரப்புகிறவர்கள் கொஞ்சமும் வீணாக்க வேண்டாம் என்று பஞ்சை முழுவதும் ஊற வைத்துவிடுகிறார்கள். வீட்டின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 3 சதவீதம் விரியும். உள்ளே 6 மில்லிலிட்டர் காற்று இருந்தால் 0.2 மில்லிலிட்டர் மை வெளியே தள்ளப்படும். சிறிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு துளி 2 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று கொண்டால், அது 10 கோடி துளிகளுக்குச் சமம். காலையில் நன்றாக இருந்த பிரிண்டர் நண்பகலில் கசிவது இப்படித்தான்.

காரணத்தை நீக்கிய பிறகு, தேங்கிய மையை எடுத்துவிடுங்கள். நாரில்லாத துணியின் முனையை முறுக்கி ரப்பர்க் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தால் மை தானாக ஏறிவரும், தேய்க்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் துடைப்பான் ரப்பரையும் நனைத்த துணியால் துடையுங்கள். கார்ட்ரிட்ஜின் செம்புத் தொடுமுனைகளில் மை பட்டிருந்தால், துடைத்து முற்றிலும் உலர்ந்த பிறகே பொருத்துங்கள். மை மின்சாரத்தைக் கடத்தும். இரவு முழுவதும் விட்டுவிட்டு, மறுநாள் காலை நாசில் சோதனைத் தாள் ஒன்றை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே எங்கும் மை தேங்கவில்லை. ஆனால் விளிம்பு விடாமல் அச்சிடும் புகைப்படங்களின் பின்புறத்தில் அழுக்கான மைக் கோடுகளும், முன்புறத்தின் ஓரங்களில் தீற்றலும் வருகின்றன. இதுவும் கசிவுதானா?

பதில்: இது கசிவு அன்று; ஆனால் கசிவு என்று எண்ணிப் பலர் நல்ல கார்ட்ரிட்ஜைத் தூக்கியெறிவது இதற்காகத்தான். விளிம்பில்லாமல் அச்சிடும்போது, வெள்ளை ஓரம் எட்டிப் பார்க்காமலிருக்க, பிரிண்டர் படத்தைத் தாளின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக்கி அச்சிடும். தாளுக்கு வெளியே விழும் மையை ஏந்திக்கொள்ள, தாள் ஓடும் பாதையின் அடித்தட்டில் பஞ்சுப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். தொடர்ந்து விளிம்பில்லாமல் அச்சிட்டால் அந்தப் பஞ்சின் மேல் மை படிந்து, மேடாகி, அடுத்து வரும் தாளின் முதுகில் உரசும். பின்புறக் கோடு தாளின் ஓரங்களை ஒட்டியே வருகிறது என்றால் காரணம் இதுதான். மின்இணைப்பை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அடித்தட்டின் விலா எலும்பு போன்ற மேடுகளை மட்டும் துடையுங்கள். பல பிரிண்டர்களின் பராமரிப்புப் பட்டியலில் அடித்தட்டைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. மடித்த வெற்றுத்தாளை உள்ளே அனுப்பித் துடைத்துக்கொள்ளும் அந்த முறையை முதலில் முயலலாம்.

முன்புறத் தீற்றலுக்குக் காரணம் வேறு. புகைப்படத் தாள் தடிமனானது. காற்றின் ஈரப்பதம் மாறினால் அதன் மூலைகள் மேல்நோக்கிச் சுருளக்கூடும். ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான் என்பதால், சுருண்ட மூலை ஹெட்டின் அடியில் உரசி, அங்கே இருக்கும் ஈர மையை இழுத்துக்கொண்டு போகும். மூன்று மாலைப் பொழுதுகளை ஹெட்டைத் துடைப்பதிலேயே கழித்துவிட்டு, நான்காம் நாள் தாள்கட்டை மேசையின் மீது வைத்து அதன் மூலை மேசையை விட்டு எழும்பி நிற்பதைக் கண்ட அனுபவம் எனக்கே உண்டு. தாளை எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்துச் சமன்செய்துவிட்டு, தடித்த தாளுக்கான அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள். அது ஹெட்டைச் சற்று உயர்த்தும்.

இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். தாளின் பூச்சில்லாத பக்கத்தில் அச்சிட்டால் மை உள்ளே இறங்காமல் மேலேயே மிதந்து ஓடும். லேசாக ஈரப்படுத்திய விரலால் மூலையைத் தொட்டால், பூச்சுள்ள பக்கம் விரலில் ஒட்டும். மேலும், பளபளப்பான தாளைப் போட்டுவிட்டு, கணினியில் சாதாரணத் தாள் என்ற தெரிவையே விட்டிருந்தால், சில பிரிண்டர்கள் எழுத்துகளுக்கான நிறமித்துகள் கறுப்பைப் பயன்படுத்திவிடும். அந்த மை பளபளப்புத் தாளில் ஊறாது. ஒரு நாள் கழித்துத் தொட்டாலும் விரலோடு வரும். தாள் வகையைச் சரியாகத் தெரிவு செய்வதே இதற்குத் தீர்வு.

கேள்வி: மஞ்சள் நிறம் பச்சையாக அச்சாகிறது. இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு தானே சரியாகிறது. மறுநாள் மறுபடியும் பச்சை.

பதில்: இரவில் ஹெட் ரப்பர்க் கிண்ணத்தின் மேல் நிற்கிறது. கிண்ணத்தில் மை தேங்கியிருப்பதால், அந்தக் கலவை மஞ்சள் நாசில்கள் வழியாக மேலே ஏறிவிடுகிறது. மஞ்சள் மிக வெளிறிய நிறமாதலால், துளி நீலம் கலந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பிலும் இதே கலப்பு நடந்திருக்கும், நமக்குத் தெரியாது. கிண்ணத்தில் மை தேங்குவதற்குக் காரணம், பெரும்பாலும் அடியிலுள்ள வடிகுழாய் காய்ந்த மையால் அடைபட்டிருப்பதே. ஹெட்டை நகர்த்திவிட்டு, கிண்ணத்தில் ஐந்தாறு சொட்டுக் காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு ஒரே ஒரு முறை ஹெட் கிளீனிங் ஓட்டி, கிண்ணம் வெறுமையாகிறதா என்று பாருங்கள். நீர் அப்படியே நின்றால் வடிகுழாயோ பம்போ வேலை செய்யவில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. வெறுமையாகிவிட்டால் கிண்ணத்தின் விளிம்பைக் கவனமாகப் பாருங்கள்: அதில் படிந்திருக்கும் ஒரு முடி போதும், உறிஞ்சுதல் கெட்டுவிடும். வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீடுகளில் இதை அடிக்கடி காணலாம்.

கேள்வி: வெளியே தனி மைத்தொட்டி வைத்து, குழாய்கள் மூலம் பிரிண்டருக்கு மை தரும் ஏற்பாட்டைப் பொருத்தியிருக்கிறேன். மேசையில் இடமில்லாததால் தொட்டி மேலே அலமாரியில் இருக்கிறது. அச்சிடாத நாட்களில்தான் அதிகம் கசிகிறது.

பதில்: தொட்டியை இன்றே கீழே இறக்குங்கள். நாசில்களைவிட உயரத்தில் தொட்டி இருந்தால், அந்த உயரம் முழுவதும் மையைக் கீழ்நோக்கித் தள்ளும் அழுத்தமாக மாறும். முதல் பதிலில் சொன்ன மெல்லிய பிடி அதைத் தாங்காது. ஓர் இரவில் தொட்டியின் மை முழுவதும் பிரிண்டருக்குள் இறங்கிவிடக்கூடும். பிரிண்டர் நிற்கும் அதே மேசைப் பரப்பில், அதன் பக்கத்திலேயே தொட்டி இருக்க வேண்டும். மிகவும் தாழ்வாக வைத்தாலும் தொல்லைதான்: மை பின்வாங்கி, நாசில் வழியாகக் காற்று ஏறி, நிறங்கள் விட்டுவிட்டு அச்சாகும்.

இத்தகைய தொட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் சிறிய காற்றுத் துளையும், பெரிய நிரப்புத் துளையும் இருக்கும். அச்சிடும்போது சிறியது திறந்தும் பெரியது இறுக மூடியும் இருக்க வேண்டும். மை நிரப்பும்போது முதலில் சிறியதை அடைத்துவிட்டுத்தான் பெரியதைத் திறக்க வேண்டும். நிரப்பி முடித்ததும் பெரியதை மூடிய பிறகே சிறியதைத் திறக்கலாம். இந்த வரிசையை மறந்து இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால், மை காற்றறைக்குள் ஏறி வழிந்துவிடும்.

கேள்வி: வீடு மாறும்போது இங்க் டேங்க் (மைத்தொட்டிகள் உடலிலேயே அமைந்த) பிரிண்டரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அடியிலிருந்து பல நிற மை ஒழுகுகிறது. இயக்கிப் பார்க்கலாமா?

பதில்: இயக்காதீர்கள். சமதளத்தில், தடித்த துணியோ செய்தித்தாளோ விரித்து, பிரிண்டரை நேராக நிற்க வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மின்பலகையில் மை பட்டிருந்தால் இயக்கிய கணத்திலேயே கெட்டுவிடும். மறுநாள் மூடியைத் திறந்து, எட்டும் இடங்களில் மட்டும் மையை ஒற்றியெடுங்கள். ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால், இடமிருந்து வலமாக இழுத்துக் கட்டிய கண்ணாடி போன்ற மெல்லிய பட்டை ஒன்று தெரியும். அதில் நிறைந்திருக்கும் மிக நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் ஹெட் தான் நிற்கும் இடத்தை அறிகிறது. அதில் மை படிந்தால் ஹெட் சுவரில் போய் மோதும். அதை ஒருபோதும் விரலாலோ சாராயம் கலந்த திரவத்தாலோ தொடாதீர்கள்; மை பட்டிருந்தால் நீரில் லேசாக நனைத்த துணியால் அழுத்தமின்றி ஒரு முறை தடவுங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ மை தொடர்ந்து வந்தால், அதைப் பழுதுபார்ப்பவர்தான் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இடம் மாற்றும்போது தொட்டி மூடிகளை இறுக்கி, போக்குவரத்துப் பூட்டு உள்ள வகையாக இருந்தால் அதைத் திருகி மூடி, பிரிண்டரின் சொந்தப் பொத்தானாலேயே அணைத்து, நிற்கும் நிலையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் ஹெட் தன் ரப்பர்க் கிண்ணத்துக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்றுவிடும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: கழிவு மை உறிஞ்சி நிரம்பிவிட்டது என்று பிரிண்டர் நின்றுவிட்டது. ஒரு மென்பொருளால் அந்தக் கணக்கை அழித்தால் மீண்டும் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஓடும், ஆனால் அதற்குப் பிறகு கழிவு மை போய்ச் சேருமிடம் உங்கள் மேசையாக இருக்கலாம். ஒவ்வொரு ஹெட் கிளீனிங்கின்போதும் வெளியேறும் மை, பிரிண்டரின் அடியில் உள்ள தடித்த பஞ்சுத் திண்டில் சேர்கிறது. அந்தத் திண்டை எடை போட்டுப் பார்க்கும் கருவி எதுவும் பெரும்பாலும் இல்லை. எவ்வளவு மை அனுப்பினோம் என்று பிரிண்டர் கணக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறது, வரம்பு வந்ததும் நின்றுவிடுகிறது. கேனன் பிரிண்டர்கள் பலவற்றில் 5பி00 என்று தோன்றும் பிழை இதுதான். கணக்கை அழிப்பதால் திண்டில் உள்ள மை எங்கும் போய்விடாது. சில புதிய வகைகளில் பராமரிப்புப் பெட்டி என்ற பெயரில் இதை நாமே கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரிண்டர் அந்த வகையா என்று கையேட்டில் பாருங்கள். அப்படி இல்லையென்றால், திண்டை மாற்றித் தரும் பழுதுபார்ப்பவரைத் தேடி, மாற்றிய பிறகே கணக்கை அழிக்கச் சொல்லுங்கள். அதுவரை பிரிண்டரைச் சாய்க்க வேண்டாம். நிரம்பிய திண்டு சாய்த்தால் ஓரங்களில் வடியும்.